சித்தியிடம் போகச் சித்தப்பாவுக்கு ஓர் இன்சூரன்ஸ்

இன்று சித்தப்பாவோடு தென்காசியில் இன்சூரன்ஸ் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன்.

பல வருஷமாகப் பாங்காக்கில் இருப்பவர். சுரண்டையில் ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில் கொரோனா ஊரடங்கில் மாட்டிக்கொண்டார். சித்தி அங்கே தனியாக இருக்கிறார். திரும்பிப் போகப் புது விசா வேண்டும். விசாவுக்கு, கொரோனா சிகிச்சைக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் வேண்டும்.

முதல் ஆபீசில் வயதைக் கேட்டார்கள். எழுபத்துமூன்று என்றார்.

"எழுபதோட நிறுத்திட்டாங்க அண்ணாச்சி."

அடுத்த இடத்தில் வயது பரவாயில்லை என்றார்கள். சுகர் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்று உண்மையைச் சொன்னார். அதோடு முடிந்தது.

கடைசி ஆபீசில் ஒரு பெண் பொறுமையாகக் கம்ப்யூட்டரில் தேடினார். "பாங்காக் கம்பெனில எடுக்கலாம் ஐயா. ஆனா நீங்க அங்கன நேர்ல போயி கையெழுத்துப் போடணுமாம்."

"அங்கன போறதுக்குத்தாம்மா இங்கன அலையுதேன்."



பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சித்தி போன் பண்ணினார். சித்தப்பா மாஸ்க்கை இறக்கிவிட்டு, "கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான். நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்றார்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏலே, பொண்டாட்டிகிட்ட போக எத்தனை பேர்கிட்ட கேக்க வேண்டியிருக்கு பாத்தியா?"

நாளை திருநெல்வேலிக்குப் போய்ப் பார்க்கிறோம்.

எழுபது தாண்டிய சுகர்காரரைச் சேர்த்துக்கொள்ளும் கம்பெனி தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். 'பேசாமல் ஊரிலேயே இருக்கச் சொல்லுங்கள்' என்பவர்கள் சித்தியிடம் நேராகச் சொல்லலாம், நம்பர் தருகிறேன்.