வைதேகி எழுதாத புத்தகம்

பழைய அலுவலகத்தின் வாட்ஸாப் குழுவில் முந்தாநாள் காலையில் செய்தி வந்தது: ‘நம் பெருமைக்குரிய கையேட்டை எழுதிய வைதேகி காலமானார்.’ மறைவு உண்மை. மற்றது பொய். அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

என் கணவர் போன பிறகு, மண்டிகளுக்கு பில் போடும் மென்பொருள் தயாரித்த ஒரு தில்லைநகர் நிறுவனத்தில் பிழை திருத்தச் சேர்ந்தேன். மென்பொருளுக்கான உதவிப் பக்கங்களை எழுதியவர் ஸ்ரீரங்கத்து வைதேகி. எனக்கு எம்.எஸ். வேர்டுதான் வசதி. என் சிவப்புத் திருத்தங்கள் அதில் அப்படியே தெரியும்.

“திருத்தறவங்களுக்கு வேர்டு நல்லதுங்க மேடம். கடையில படிக்கிறவங்களுக்கு இல்லை” என்பார்.

அவர் இணையப் பக்கங்கள் எழுதும் எச்.டி.எம்.எல். எடிட்டரில் திரைக்கு ஒரு பக்கமாக எழுதினார். எங்கே சிக்கிக்கொண்டாலும் எஃப் ஒன் பொத்தானைத் தட்டினால், அந்தத் திரைக்குரிய பக்கம் மட்டும் வந்து நிற்கும். எழுதுமுன் காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டிக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். அங்கே கணக்கர் தோளில் போனை இடுக்கிக்கொண்டு, எதிரே கத்தும் வியாபாரிக்கும் பதில் சொல்லிக்கொண்டே பில் போடுவாராம். “நீட்டி எழுதினா அவர் திட்டறது எனக்கு இங்க வரைக்கும் கேக்கும்” என்று சிரித்தார்.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. வாங்குகிறவர் கையில் கனமாக ஏதாவது கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் வேர்டில் சேர்த்துப் புத்தகமாக்கு, எஃப் ஒன் தட்டினாலும் அதுவே வரட்டும் என்றார்.

“புத்தகம் வேணும்னா தனியா எழுதித் தரேன் சார். எஃப் ஒன்ல கை வைக்காதீங்க. ஆள் காத்துக்கிட்டு நிக்கிறப்ப யாரு சார் புத்தகத்தைத் திறப்பாங்க?”

“அழகா பைண்டு பண்ணிக் கொடுத்தா திறப்பாங்கம்மா.”

வைதேகி இணங்கவில்லை. அந்த மாதத்தோடு அவருக்கு வேலை இல்லை என்றார்கள். அவர் பக்கங்களை வேறொருவர் வெட்டி ஒட்டி அந்தக் கையேட்டை உண்டாக்கினார். பிழை திருத்த என்னிடம் வந்தது. தொடாமல் திருப்பி அனுப்பினேன். அதன்பின் எந்தத் திரையில் எஃப் ஒன் தட்டினாலும், முதலாளியின் படம் போட்ட புத்தக அட்டைதான் வந்தது. மண்டிக்காரர்கள் வைதேகியின் வீட்டுக்கே போன் செய்தார்கள். படுக்கையில் விழும்வரை பதில் சொன்னார். அந்த அலுவலகத்திலிருந்து ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் படத்தருகே அந்தப் புத்தகம், அதற்கும் ஒரு மாலை. அலுவலகம் அனுப்பிய மரியாதை. எடுத்துவிடுங்கள் என்றேன்.

“மரியாதைக்கு வெச்சதுதானே மாமி, இருக்கட்டும்” என்றார் அவருடைய தம்பி.

வந்தவர்கள் அதன்மேல் பூப்போட்டு வணங்கினார்கள். மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட அதைத் திறக்கவில்லை.

நீங்கள் சொன்னதுதான் சரி, வைதேகி. போய் வாருங்கள்.