ஒன்றரை அடி

கண்ணிவெடி அகற்றும் குழுவில் எனக்கு அளவு வேலை. மற்றப் பெண்கள் முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறுவார்கள். துப்புரவாக்கிய நிலம் எதுவரை வந்திருக்கிறது என்று நான் வரைபடத்தில் ஏற்றுவேன். விசுவமடுவுக்கு அப்பால் இருந்த அந்தக் காணியில் மரங்கள் அடர்த்தி. செய்மதிச் சமிக்ஞை ஒழுங்காக இறங்காது. அதனால் காணியைச் சுற்றி ஐந்து கம்பங்கள் நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வானொலிக் கருவி பூட்டியிருந்தோம். அவற்றின் அலைகள் வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்து, என் கையிலிருந்த கருவி நான் நிற்கும் இடத்தைச் சொல்லும். விரலகலம் பிசகாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

காணிக்காரர் சிறுநீரக வருத்தக்காரர். மனைவியோடு மைத்துனர் வீட்டுச் சுவரோடு சாய்த்து இறக்கிய ஒத்தாப்பில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் நாட்களில் ஓட்டோவை நிறுத்தி, அபாய எல்லைக்குக் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கு வெளியே கதிரை போட்டு இருப்பார்.

"பிள்ளை, எப்ப விடுவியள்?"

"மழைக்கு முன்னம் முடிஞ்சிடும் ஐயா."

மழை முந்திவிட்டது. இரண்டு கிழமை வேலை நின்றது. திரும்பிப் போனபோது துப்புரவு முடிந்த எல்லையில் நாங்கள் நட்ட கட்டைகளை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. நான் கருவியைப் பார்த்துப் பழைய கோட்டை மறுபடி குறித்துக் கொடுத்தேன். பெண்கள் அங்கிருந்து தொடர்ந்தார்கள்.

கையளிப்பு வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. செவ்வாய்க்கிழமை, கடைசி வரைபடத்துக்காகக் கிணற்றுக்கட்டின் மூலையில் கருவியை வைத்தேன். வேலை தொடங்கிய நாளில் அளந்த அதே மூலை. ஒன்றரை அடி தள்ளிக் காட்டியது. அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அதே ஒன்றரை அடி.

கிணறு நகராது. நிமிர்ந்து பார்த்தபோதுதான் பக்கத்துக் காணியின் இரும்புக் குவியல் உறைத்தது. எரிந்த பஸ் கூடுகள், தகரங்கள். மழை நாட்களில் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் கொண்டுவந்து குவித்தது. ஒரு கம்பத்தை அது மறைத்து நின்றது. அந்தக் கம்பத்தின் அலை நேரே வராமல் வேறு தகரத்தில் பட்டுத் தெறித்துச் சுற்றி வந்திருக்கிறது. சுற்றிய தூரத்தையும் கருவி சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறது. மழைக்குப் பிறகு கோடு குறிக்க முன் கிணற்றை ஒருதரம் அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வேலை பிந்திவிட்டது என்ற அவசரத்தில் நான் அளக்கவில்லை.

மழைக்கு முந்திய வேலைக்கும் பிந்திய வேலைக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் கை படாமல் கிடக்கலாம். கிடக்காமலும் இருக்கலாம். என்னைத் தவிர ஒருவருக்கும் இது தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே பொறுப்பாளரிடம் போனேன்.

"நிச்சயமோ?" என்று கேட்டார்.

"நிச்சயமில்லை சேர். அதாலைதான் சொல்லுறன்."

அவர் வரைபடத்தின் மூலையில் எழுதியிருந்த கையளிப்புத் திகதியை வெட்டினார். "அந்த மனிசனுக்கு நீரே போய்ச் சொல்லும்."

போனேன். காணிக்காரர் பாயில் படுத்திருந்தார். கால்கள் வீங்கியிருந்தன.

"இன்னும் பத்து நாள் செல்லும் ஐயா. பிழை என்ரை."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவிதான் வாசல்வரை வந்து கேட்டார்: "அவருக்குப் பத்து நாள் கிடக்கெண்டு ஆர் பிள்ளை உங்களுக்குச் சொன்னது?"

இந்த முறை அளவுநாடா பிடித்துக் கிணற்றிலிருந்து அளந்தோம். சந்தேகப்பட்ட கோட்டின் இரு பக்கமும் மும்மூன்று அடி சேர்த்துக் கிளறத் தொடங்கினார்கள். நானும் கவசம் போட்டு அவர்களோடு முழங்காலில் இருந்தேன். எட்டாம் நாள் ஐயா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். செத்தவீட்டுக்குக் குழுவாகப் போனோம். மனைவி மற்றப் பெண்களின் கைகளைப் பிடித்து அழுதார். என் முறை வந்தபோது சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்தத் துண்டில் மூன்று ஆணிகளும் ஒரு அலுமினிய மூடியும் கிடந்தன. வேறொன்றும் இல்லை.

கையளிப்புக்கு ஐயாவின் மனைவி தன் தம்பியோடு வந்தார். மற்றவர்கள் பத்திரங்களை எடுத்துவைக்கும் நேரம் என்னருகே வந்தார்.

"அதுக்கை ஏதும் கிடந்ததோ?"

ஒன்று எடுத்தோம் என்ற பொய் என் வாய்வரை வந்தது. சொன்னால் இருவருக்குமே ஆறுதலாக இருந்திருக்கும்.

"இல்லை அம்மா."

"எந்தத் துண்டு?"

காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கிளறிய ஈரமண்ணில் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரைக்கும் மெதுவாக நடந்தார். திரும்பியும் அதே வழியால் நடந்து வந்தார். கையெழுத்து வைக்க எங்கே இருக்க வேண்டும் என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டு மேசைப் பக்கம் போனார்.