மாதாவின் எடை

1974ஆம் ஆண்டு, ஜூலை மாத உறைபனிக் காலத்தில்தான் எமெத்தேரியாவை முதன்முதலில் கண்டேன். ஆசிரியையாக நான், பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்த அந்த மலையூருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கோவிலின் பின்னறையில், வாய் நிறையக் குண்டூசிகளுடன், அவர் கார்மேல் மாதாவுக்கு ஆடை உடுத்திக்கொண்டிருந்தார். அவ்வேளையில் ஆண்கள் எவரும் உள்ளே வரக் கூடாது. பாதிரியாரும் அதற்கு விலக்கல்லர். மாதாவுக்கு முகமும் கைகளும் மட்டுமே உண்டு. இடுப்புக்குக் கீழே வெறும் மரச்சட்டம். அச்சட்டத்தினுள் துணி சுற்றிய கருங்கல் ஒன்று இருந்தது.

ஊசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, "மலைச்சாமிங்க," என்றார். "அவரை விட்டுட்டு அம்மா மட்டும் ஊர்வலம் போனா நல்லாவா இருக்கும்? பாத்ததை வெளிய சொல்லிடாதீங்க, டீச்சர்."

சொல்வதற்கு எவரும் இல்லை. ஊர் முழுவதும் அறிந்ததுதான் அது. கணவரை இழந்த எமெத்தேரியாவுக்கு ஓர் உருளைக்கிழங்கு வயலும் சில செம்மறிகளும் இருந்தன. ஆனால், மாமியார் வழி வந்த இந்த உடுத்தும் உரிமையைத்தான் அவர் தம் சொத்தாகக் கருதினார்.

சில ஆண்டுகள் கழித்து, கடற்கரைப் பக்கத்திலிருந்து இளம் பாதிரியார் ஒருவர் வந்தார். திருவிழாவுக்கு முந்தைய நாள், உடுத்தி முடித்த மாதாவைப் பல்லக்கில் ஏற்றக் கைகொடுத்தவர், "அடேயப்பா, மாதா என்ன கனம்!" என்று சிரித்தார். எமெத்தேரியாவின் முகம் சிவந்தது. படித்தவர் கண்டுபிடித்துவிட்டார், நம்மைக் காட்டுச் சனம் என்று நினைத்துவிட்டார் என்றே அவர் எண்ணினார். எல்லோரும் போன பின்பு, கல்லைத் துணியில் முடிந்து முதுகில் கட்டிக்கொண்டு போய்த் தம் வீட்டு அடுப்பருகே வைத்துவிட்டார்.

மறுநாள், பழகிய கனத்தை எதிர்பார்த்துத் தோள்கொடுத்தவர்களின் தோளில் பல்லக்குத் துள்ளி எழுந்து ஒருபுறம் சாய்ந்தது. முன்தண்டைப் பிடித்திருந்த, எமெத்தேரியாவின் கொழுந்தன் கசிமிரோ அதை இறக்கச் சொன்னார்.

"என்ன மதினி, அம்மாவைப் பட்டினி போட்டுட்டீங்களா? ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுறாங்க!"

கூட்டம் சிரித்தது. எமெத்தேரியா தலை குனிந்ததைக் கண்டதும் சிரிப்பு அடங்கியது, மேளமும் நின்றது.

"அவரு எங்க மதினி?"

"வீட்டுல... அடுப்பாண்ட."

"மலைச்சாமியை அடுப்பாண்ட உக்கார வச்சிட்டா வந்தீங்க? ஃபாதர் எடுக்கச் சொன்னாரா?"

"சொல்லல. சொல்லிடுவாரோன்னு..."

வாக்கியத்தை முடிக்காமலே ஓடினார். கல்லைச் சுமந்து திரும்பியபோது, பெண்கள் சால்வைகளை விரித்து மாதாவைச் சுற்றி மறைப்புக் கட்டினார்கள். நடப்பதைக் கேட்டறிந்த பாதிரியார், "அட, கல்லா? எங்க ஊர்ல மாதாவைப் படகுல கொண்டுபோறப்ப, சாயாம இருக்க நாங்களும் வைப்போமே!" என்றார்.

எவருக்கு அஞ்சி மலைச்சாமியை வெளியேற்றினாரோ, அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. எமெத்தேரியாவால் தாங்க இயலாமற்போனது அதுதான். ஊர் அதை விரைவில் மறந்தது. அவரோ குண்டூசிகளை மருமகளிடம் கொடுத்துவிட்டார். "உடுத்துற கை இல்லம்மா இது. அவரை வெளிய தள்ளுன கை," என்றார். பிறகு அந்தப் பின்னறைக்குள் அவர் நுழையவே இல்லை.

ஆண்டுதோறும் பல்லக்கு அவர் வாசலில் நின்றது. "மதினி, தோள் வலிக்குது, சீக்கிரம் வாங்க!" என்று கசிமிரோ கத்துவார். "இங்க யாருமில்ல, அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க," என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். தெரு சிரிக்கும். உள்ளே அவர் முக்காட்டால் முகத்தை மூடியபடி நிற்பதை நான் ஒருமுறை பார்த்தேன்.

அவரது இறுதி ஆண்டின் திருவிழாவன்று அவர் படுக்கையில் கிடந்தார்; நான் துணைக்கு இருந்தேன். குழலோசை தெருமுனையில் கேட்டது. அவர் வழக்கப்படி கதவைச் சாத்துவதற்காக நான் எழுந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பற்றினார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"கதவு கிடக்கட்டும், டீச்சர். என் சடையை அவுத்துப் பின்னி விடுங்க. இந்தக் கோலத்துல அம்மா, மலைச்சாமி ரெண்டு பேர் முன்னாடி எப்படி?"