சித்தி வீட்டு வண்ண அலமாரி

எங்கள் வீட்டில் வண்ணப் பொருள்களை வைக்க அலமாரி கிடையாது. கிரேயான்கள் சாப்பாட்டு மேசையில் உருண்டு கிடக்கும். பிரஷ்கள் பாத்திரம் கழுவும் தொட்டியில் கரண்டிகளோடு கரண்டியாக நிற்கும். பசைப் புட்டியின் மூடியைத் தேடுவது எங்கள் அன்றாட வேலைகளில் ஒன்று. பள்ளியில் மற்ற பிள்ளைகள் செய்த கேலியில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்ட என் மகளை, பள்ளியிலிருந்து எடுத்து வீட்டிலேயே படிக்க வைக்கிறேன். கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அவள் படிப்பைக் கேட்பதற்கு முன் இந்தக் குப்பையைத்தான் கேட்கிறார்கள். பொறுக்க முடியாமல் என் கணவர் இரண்டு முறை பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி வந்தார். அவற்றில் இப்போது வெங்காயமும் உருளைக்கிழங்கும் இருக்கின்றன.

போன மாதம் சித்தி வந்திருந்தார். அம்மாவின் தங்கை. தலை முழுக்க நரைத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. மேசையைப் பார்த்ததும் சிரித்தார்.

“என்னாடி இது, பாசார்க் கடை மாதிரி கெடக்கு? நீயா இப்படி?” என்றவர், என் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். “உங்கம்மா சின்ன வயசுல எப்படி இருந்தா தெரியுமா? வரையவே மாட்டா. பென்சிலக் குடுத்தாக்கூட வேணாம்பா. அடுக்கி வைக்கணும், அவ்வளவுதான். பைத்தியம் லா அவ!”

என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏம்மா, நீங்க வரையவே மாட்டீங்களா?”

நான் சித்திக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சித்தி பொய் சொல்லவில்லை. அவர் நினைவில் அது அப்படித்தான் பதிந்திருக்கிறது. பொய்யாக இருந்திருந்தால் நான் இத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்க மாட்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பி பிறந்த பிறகு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், கிள்ளானில் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்துவிட்டார். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டினார். கைக்குழந்தையை, நாங்கள் குடியிருந்த பண்டமாரானில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். என்னை என்ன செய்வதென்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, தலைநகரின் பிரிக்பீல்ட்ஸிலிருந்து சித்தி காரில் வந்து இறங்கினார்.

சித்தியைப் பற்றிப் பேசும்போது எங்கள் வீட்டில் குரல்கள் தாமாகவே தாழ்ந்துவிடும். வெளிநாட்டில் படித்தவர். தம் மகளையும் மகனையும் பள்ளிக்கு அனுப்பாமல், வெளிநாட்டுப் பாடப் புத்தகங்களைக் கப்பலில் வரவழைத்து வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். அவருடைய தேவாலய நண்பர்கள் சிலரும் அப்படிச் செய்துவந்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்ற சட்டம் அப்போது வந்திருக்கவில்லை.

“ரெண்டோட மூணா இவளும் உக்காரட்டும், அத்தான்,” என்றார் சித்தி. “ஸ்கூல்ல பேர எடுத்துருங்க. வீட்லயே படிக்கட்டும். இங்கிலீஷும் வந்துரும்.”

அப்பா மறுநாளே தமிழ்ப்பள்ளியில் என் பெயரை எடுத்துவிட்டார். தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, அவர்கள் கேட்காமலே செய்தியைச் சொன்னார்.

சித்தி வீட்டில் முதல் நாள் மேசையைச் சுற்றி மூன்று நாற்காலிகள் போடப்பட்டன. பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தி எனக்காக நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். அவர் நிறுத்தும்போதெல்லாம் சித்தி மகன் நாற்காலியைப் பின்னால் சாய்த்து ஆடினான். சில நாள்களில் சித்தி நிறுத்துவதை நிறுத்திவிட்டார். அதில் கோபமோ வெறுப்போ இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது.

மதியத்தில் சித்திர வகுப்பு. மற்ற இருவரும் மஞ்சள் சாயப் புட்டியில் கறுப்பு பிரஷை முக்கி, மூடிகளை மாற்றிப் போட்டு, கத்தரிக்கோலில் பசையை அப்பிவிட்டு எழுந்து போனார்கள். நான் சும்மா இருக்க முடியாமல் புட்டிகளின் வாயைத் துணியால் துடைத்து மூடி வைத்தேன். சித்தி அதைப் பார்த்துவிட்டார்.

“இங்க வந்து இவ கையப் பாருங்க ரெண்டு பேரும்! எவ்வளவு சுத்தம்! இனிமே நீதான்டி எங்க ஸ்டோர் மேனேஜர்.”

அந்த வீட்டில் நான் பெற்ற முதல் பாராட்டு அது. அம்மாவைப் பிரிந்து கிடந்த எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஹாலில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி என் வசம் வந்தது. அந்த வேலையில் நான் மிகுந்த தேர்ச்சி பெற்றேன் என்பதைத் தன்னடக்கம் இல்லாமல் சொல்லிவிடலாம். பிரஷைக் கழுவியதும் மயிரை விரலால் கூர்ப்படுத்தி, தலை மேலே இருக்கும்படி நிறுத்த வேண்டும். மேஜிக் மார்க்கர் பேனாக்களைப் படுக்க வைக்க வேண்டும். களிமண் உருண்டைகளை ஈரத்துணியில் சுற்றி பிஸ்கெட் டின்னில் போட வேண்டும். துணி காய்ந்தால் களிமண் கல்லாகிவிடும். கிரேயான்களை வெயில் படாத தட்டில் வைக்காவிட்டால் மதியத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பசையைத் தேடி எறும்பு வரும் என்பதால் அலமாரியின் நான்கு கால்களுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம். ஒவ்வோர் இழுப்பறையிலும் சித்தி ஆங்கிலத்தில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார். அவற்றை நான் மனப்பாடம் செய்தேன்.

வேலை வளர்ந்துகொண்டே போனது. அவர்கள் கணக்குப் போடும்போது நான் பென்சில் சீவினேன். அவர்கள் வாசிக்கும்போது காகிதங்களை அளவு வாரியாகப் பிரித்தேன். அவர்கள் படம் வரையும்போது பக்கத்தில் நின்று, கேட்ட வண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன். சில நாள் கேட்பதற்கு முன்பே கொடுத்தேன். சாயத் தட்டு வைக்க இடம் போதாமல் போனபோது அதை என் நாற்காலியில் வைத்தவள் நானேதான்.

ஒருமுறை மட்டும் நானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“நீயும் உக்காந்துட்டா யாரு எடுத்துக் குடுக்கறது?” என்று கேட்டான் சித்தி மகன்.

நியாயமான கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது. எழுந்துவிட்டேன்.

வீட்டுக் கல்வி எப்படி நடக்கிறது என்று பார்க்கச் சித்தியின் தோழிகள் வருவார்கள். வந்தவர்கள் எல்லாரும் அலமாரியின் முன் நின்று வியந்தார்கள். ஒரு நாள் ஓர் ஆன்டி என்னைத் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டுச் சித்தியிடம் சொன்னார்:

“ஒனக்கு நல்ல பொண்ணு கெடச்சிருக்கு லா. ரப்பர் எஸ்டேட்டுலேர்ந்தா? எனக்கும் ஒண்ணு பாத்துச் சொல்லேன்.”

சித்தி சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை. அக்கா மகள் என்றும் சொல்லவில்லை. என்னைப்போல் ஒருத்திக்கு ஊரில் இத்தனை கிராக்கியா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று இரவு படுக்கையில் அதையே நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

அப்பா லோரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்ததால் அடிக்கடி வர முடியவில்லை. வருஷக் கடைசியில் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்தார். என் வயதுப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் அம்மா அவரிடம் ஒன்று கேட்டிருந்தார்.

“நீ போட்ட படம் ஒண்ணு வேணுமாம் அம்மாவுக்கு. கட்டில்கிட்ட ஒட்டி வச்சிக்கணுமாம். நல்லதா ஒண்ணு எடும்மா.”

நான் அவர் கையைப் பிடித்து அலமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். இழுப்பறைகளின் பெயர்களை மேலிருந்து கீழ்வரை ஆங்கிலத்தில் படித்துக் காட்டினேன். அப்பாவின் முகம் மலர்ந்தது. சித்தி மகனின் வாசிப்புப் புத்தகம் மேசையில் கிடந்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இதப் படி பாப்போம்.”

“அது அவங்களுதுப்பா.”

“சரி, ஒன்னுது எங்க?”

“இது எல்லாமே என்னோடதுப்பா,” என்று அலமாரியைக் காட்டினேன்.

சுவரில் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். “இதுல நீ போட்டது எது?”

“நான் போட மாட்டேன்பா. எடுத்துத்தான் குடுப்பேன்.”

அப்பா என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். சித்தி அடுக்களையிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும், “இதுக்கென்ன அத்தான்,” என்று தம் மகள் வரைந்த மயில் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். “இதக் கொண்டுபோய்க் குடுங்க. அக்காவுக்கு என்ன தெரியப்போவுது? கலரெல்லாம் இவதான் எடுத்துக் குடுத்தா.”

“வேணாம்மா,” என்றார் அப்பா. பிறகு என்னிடம், “துணிய எடுத்து வை.”

“என்ன அத்தான் திடீர்னு? பிள்ள இங்க நல்லாத்தான இருக்கா?”

“நல்லாத்தான் இருக்காம்மா. அவ அம்மா பாக்கணும்ங்கறா.”

வாசலில் நன்றிகூடச் சொன்னார். நான்தான் அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். களிமண் துணியை யார் நனைப்பார்கள், எறும்புக் கிண்ணத்தில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? சித்தி மகளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத்தான் மோட்டாரில் ஏறினேன்.

நெடுஞ்சாலையில் காற்று இரைச்சலுக்கு நடுவே அப்பா தலையைத் திருப்பிச் சொன்னார்: “அம்மாகிட்ட இதப் பத்தி எதுவும் பேசாத.”

எதைப் பற்றி என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அம்மா பிழைத்து வீடு திரும்பினார். மறு வருஷம் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு நான் விட்ட வகுப்பிலேயே மறுபடியும் உட்கார்ந்தேன். தன் கஷ்டகாலத்தில் தங்கை தன் மகளைச் சொந்தப் பிள்ளைபோல் படிக்க வைத்தாள் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். சித்தியின் வசதியைப் பார்த்து அவருக்குப் பொறாமை என்றே நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

சித்தி வீட்டிலிருந்து கூட்டி வந்த அன்று அப்பா நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மளிகைக் கடையில் வண்டியை நிறுத்தி, ஒரு வரைதாள் கட்டும் ஒரு பெட்டிக் கலர் பென்சிலும் வாங்கினார். ஆஸ்பத்திரிக் கேண்டீனில் ஒரு மூலை மேசையில் என்னை உட்கார வைத்து, எனக்குக் குடிக்க மைலோ சொன்னார்.

“பார்க்கற நேரம் தொடங்க இன்னும் கொஞ்சம் இருக்கு. அம்மாவுக்கு ஒரு படம் போடும்மா. என்னா வேணும்னாலும் போடு.”

நான் மேசையைத் துடைத்தேன். பெட்டியைத் திறந்து, அதோடு வந்த ஷார்ப்பனரால் பென்சில்களை இன்னும் கூராகச் சீவி, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம்வரை வரிசையாக வைத்தேன். ஒரு தாளைக் கிழித்து, ஓரம் மடங்காமல் நீவி, அப்பாவுக்கு முன்னால் போட்டேன். பிறகு எழுந்து அவர் வலப்பக்கமாக வந்து நின்றுகொண்டேன்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன கலர் வேணும்பா?” என்று கேட்டேன்.

“நீ போடும்மா.”

“நான் போட்டா கெட்டுப்போயிரும்பா. நீங்க போடுங்க. நான் எடுத்துத் தரேன்.”

மைலோ ஆறிக்கொண்டிருந்தது. பார்வையாளர்கள் பழப் பைகளோடு படிக்கட்டுப் பக்கம் போகத் தொடங்கினார்கள். கடைசியில் அப்பா கையை நீட்டினார். நான் சிவப்பைக் கொடுத்தேன். தடித்த விரல்களுக்குள் அதைக் குத்துவதுபோல் பிடித்துக்கொண்டு ஒரு வீடு வரைந்தார். பக்கத்தில் பாவாடை கட்டிய ஒரு பெண் குழந்தையை வரைந்தார். கீழே என் பெயரை எழுதினார். கடைசி எழுத்தில் அழுத்திவிட்டார். முனை உடைந்து தாளில் தெறித்தது. அப்பா பென்சிலை வைத்துவிட்டு, சட்டைக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பென்சில் முனை உடைந்ததற்காக ஒரு பெரிய ஆள் நாலு பேர் முன்னால் இப்படி அழுவாரா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

“பரவால்லப்பா,” என்றேன். “குடுங்க, சீவித் தரேன்.”