ஆற்றை அலுக்கவைப்பவள்

அந்த ஆற்றுக்குக் காது உண்டு. எதற்கெடுத்தாலும் முட்டிக்கொள்ளும் இரண்டு நாட்டு அரசாங்கங்களும் வாய்ச்சண்டை இல்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் இதுதான். எந்தக் கரையில் சுவாரஸ்யமான பேச்சு கேட்கிறதோ, அந்தப் பக்கமாக ஆறு நகர்ந்து வரும். அலுப்பான பேச்சு காதில் விழுந்தால் மெல்ல ஒதுங்கி அடுத்த கரைக்குப் போய்விடும். ஆறுதான் எல்லை என்பதால், ஆறு விலகினால் நாட்டுக்கு நிலம் லாபம், நெருங்கினால் நஷ்டம். மற்ற இடங்களில் எல்லையில் படையை நிறுத்துவார்கள். இங்கே இரண்டு கரையிலும் ஆற்று அலுவலகம் திறந்து, ஊரிலேயே பெரிய அறுவை யாரென்று தேடிப் பிடித்து, சம்பளம் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

இந்தக் கரையில் அந்த வேலை அக்காவுக்கு. ஊரே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது. மரியாதைக்காக என்று நினைத்துவிட வேண்டாம். சின்ன வயதில் "அந்தக் கலகல பொண்ணோட அக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாளடைவில் முன்பாதி உதிர்ந்துபோய் அக்கா மட்டும் மிஞ்சியது. சொந்தப் பெயரில்கூடத் தங்கைதான் குடியிருக்கிறாள் என்பது அவளுக்கு உள்ளூர எரிச்சல்.

முன்பு அவள் ஒரு தையல் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஆற்று அலுவலக அதிகாரி பொத்தான் அறுந்த கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பொத்தானை ஏன் அழுத்தித் தைக்கக்கூடாது, அடியில் நூலை ஏன் கொஞ்சம் தொளதொளவென்று விட வேண்டும் என்று அவள் விளக்க ஆரம்பித்தாள். இரண்டாவது பொத்தானுக்கு வருவதற்குள் அந்த மனிதர் முக்காலியில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். விழித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "நீங்க இத்தனை நாளா எங்கம்மா இருந்தீங்க?" என்றார், கண்ணெல்லாம் மின்ன. ஓர் ஆண் அவளைப் பார்த்து அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எதற்காகக் கேட்டார் என்று தெரிந்த பிறகும், அன்று சாயங்காலம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. தண்ணீர் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு, படுக்கை விரிப்பை மடிக்கும் முறையையோ, தன் அறையின் இரண்டு கதவுகளில் எது சரியாகச் சாத்துகிறது என்பதையோ சொல்லுவாள். ஆறு நழுவும். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவாள். அரசாங்கம் அவளுக்குக் கரையில் ஓர் அறை கொடுத்தது. ஆறு விட்டுப்போன வண்டல் மண்ணில் கீரை போட ஒரு துண்டு நிலமும் கொடுத்தது. அதிகாரி வாரம் தவறாமல் வந்து பாராட்டினார். அவள் வேண்டுமென்றே அலுக்கவைக்கவில்லை என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. மனசுக்குப் பிடித்ததைத்தான் அவள் சொன்னாள். கேட்கத்தான் நாதியில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவளிடமிருந்து நழுவிய ஆறு யாரிடம் போனது தெரியுமா? நேர் எதிர்க்கரையில் குடியிருந்த தங்கையிடம்.

தங்கை எந்த அலுவலகத்திலும் சம்பளம் வாங்கவில்லை. படகு பழுதுபார்க்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனவள், தன்பாட்டுக்குத் துணி உலர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியிடம் வம்பளப்பாள். அதைக் கேட்க ஆறு அவள் பின்கட்டுக்கே போய் நின்றது. அந்தக் கரை அலுவலகம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை உட்காரவைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னது. ஆறு அசையவில்லை. தங்கையை வாயைத் திறக்காதே என்று மிரட்டினார்கள். பாவம், அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஆறு அவள் எப்போது பேசுவாள் என்று படியடியில் காத்திருந்தது.

அக்காவுக்கு வயிறு எரிந்ததே அங்கேதான். நான் நாள் முழுக்கத் தொண்டைத் தண்ணி வற்றப் பேசினால் ஓடுகிறது. அவள் சும்மா இருந்தாலும் காத்துக்கிடக்கிறது! இவள் என்ன வரம் வாங்கி வந்தாள்?

ஒருநாள் மத்தியானம் தங்கை அக்கரைப் படியில் நின்று கூப்பிட்டாள். தண்ணீர் அவள் கணுக்காலில் அலைந்துகொண்டிருந்தது. பின்சுவரில் விரிசல் விழுந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

"அக்கா! ஆத்து ஆபீஸ்ல எங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலையில வண்டி வருது."

"எங்க போகப் போற?"

"மலைக்கு அந்தப் பக்கமாம். அங்க ஆறும் கிடையாது, படகும் கிடையாது. இவருக்கு என்ன வேலை கிடைக்கும் சொல்லு? வீடு வேற இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது."

போகட்டுமே என்று அக்காவுக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்ததை அவள் விரட்டவும் இல்லை.

"நீ கொஞ்சம் இந்த ஆத்தை உன் பக்கம் கூப்பிடேன்க்கா. வீடு தப்பிச்சா எங்களை விட்டுடுவாங்க."

"நான் கூப்பிட்டா அது வருமா? கிண்டலா பண்ற?"

"ஏதாவது நல்லதாச் சொல்லிப் பாரேன்."

ஏதாவது நல்லதாக! அந்த ஒரு வார்த்தை சுருக்கென்று தைத்தது. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமான் கட்ட உள்ளே போய்விட்டாள்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஆற்றையே முறைத்தாள். கூப்பிட்டு அது வந்துவிட்டால் தன் வேலை போகும், அறை போகும், கீரை நிலம் முழுகும். கூப்பிடாவிட்டால் தங்கை போவாள்; அப்புறம் எதிர்க்கரையில் பார்த்துப் பொருமக்கூட ஆள் இருக்காது. அந்த வெறுமையை நினைத்தபோது அவளுக்கே ஆச்சரியமாக, பயம் வந்தது.

தங்கையின் கதை ஒன்றையே எடுத்துவிட்டாள். அடுத்த வீட்டு வாத்து திருமண வீட்டுக்குள் புகுந்து மாப்பிள்ளையின் செருப்பில் முட்டையிட்ட கதை. சின்ன வயதில் தங்கை அதைச் சொன்னால் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அக்கா வாத்தின் நிறத்திலிருந்து ஆரம்பித்தாள். செருப்பு தோலா துணியா என்று யோசித்து, தோல்தான் என்று முடிவுக்கு வந்தாள். ஆறு இன்னும் ஒரு முழம் ஒதுங்கியது. அக்கரையில் எதுவோ பெயர்ந்து தண்ணீரில் தொப்பென்று விழுந்தது.

அவளுக்கு வந்ததே கோபம். எழுந்து நாற்காலியை உதைத்தாள்.

"அவ சொன்னா மட்டும் இனிக்குதோ? நான் சொன்னா கசக்குதோ? நீயும் எங்கம்மா மாதிரிதான். தங்கச்சி பேசினா அடுப்புல பால் பொங்கி வழியறதுகூடத் தெரியாம கேப்பா. நான் வாயைத் திறந்தா, 'அந்தக் கதவைச் சாத்திட்டு வா'ம்பா. நான் வர்றதுக்குள்ள எழுந்து போயிருப்பா!"

ஆறு சலசலப்பை நிறுத்தியது. கோபத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அவ புருஷன் முதல்ல யார்கிட்ட வந்தான்னு நினைக்கிற? எங்க வீட்டுப் பின்னறையில வாடகைக்கு இருந்தான். அவன் சட்டைக்கு நான்தான் பொத்தான் தைப்பேன். நல்லா இருக்குற பொத்தானை நானே பிச்சுட்டு மறுபடி தைச்சுக் கொடுத்திருக்கேன், தெரியுமா? நான் பேசினா 'ம்'னுவான். அந்த 'ம்'மை நான் ராத்திரி படுத்துக்கிட்டு எண்ணிப் பார்ப்பேன். ஒருநாள் இவ உள்ள வந்து அந்த வாத்துக் கதையைச் சொன்னா. அவன் சிரிச்சான் பாரு, ஒரு சிரிப்பு... என் கையில ஊசி ஏறிடுச்சு. ரெண்டு பேருமே பார்க்கல."

பாதத்தில் சில்லென்று பட்டது. குனிந்து பார்த்தாள். தண்ணீர்.

திரும்பிப் பார்த்தாள்: பின்னால் அவள் அறை, பாத்தி பாத்தியாகக் கீரை. எதிரே தங்கை வீட்டின் கடைசிப் படி ஈரச் சேறு மினுங்க வெளியே தெரிந்தது. அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடர்ந்தாள். அவர்கள் கல்யாணத் துணியைத் தானே தைத்ததைச் சொன்னாள். தங்கைக்கு அது துளியும் பொருந்தாமல் போகாதா என்று வேண்டிக்கொண்டு தைத்ததையும், கச்சிதமாகப் பொருந்தியதையும் சொன்னாள். தங்கை அக்கரைக்குப் போன அன்று நிம்மதியாகத் தூங்கலாம் என்று படுத்தவள், வீடு அமைதியாக இருக்கிறதே என்று அழுததையும் சொன்னாள். ஆறு முழங்காலுக்கு ஏறியது. கீரைப் பாத்தி மறைந்தது. அறைக் கதவைத் தண்ணீர் தட்டியது.

அதிகாரி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தலைதெறிக்க ஓடிவந்தார். "அம்மா! நிறுத்துங்க! நாட்டையே முழுகடிக்கிறீங்க! பொத்தானைப் பத்திச் சொல்லுங்க!"

"பொத்தானைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவர் தொடையளவு தண்ணீரில் நின்றார். கொஞ்சம் கேட்டார். பிறகு மெதுவாக, "அந்தாளுக்கு அப்போ உங்க மனசு தெரியுமா, தெரியாதா?" என்றார்.

ஆறும் அதைத்தான் கேட்க விரும்பியதோ என்னவோ, அசையாமல் நின்றது. அக்கா அக்கரையைப் பார்த்தாள். தங்கையின் வீடு தண்ணீர் விலகிய மண்ணில் நிமிர்ந்து நின்றது. அவள் வாயை மூடிக்கொண்டாள். கதை பாதியில் நின்றது. மிச்சத்துக்காக ஆறு அங்கேயே பழிகிடக்கும் என்று அவளால் அடித்துச் சொல்ல முடிந்தது.

அதிகாரிக்கு நிதானம் திரும்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. "இனி நீங்க கரைப்பக்கமே தலைகாட்டக்கூடாது. உள்நாட்டுக்கு அனுப்புறதைத் தவிர வேற வழியில்ல," என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அவள் தலையாட்டிவிட்டு, அறைக்குள் மிதந்த பெட்டியை இழுத்து வெளியே வைத்தாள்.

அதற்குள் தங்கை சேற்றில் வழுக்கி வழுக்கித் தண்ணீர் வரைக்கும் இறங்கி வந்திருந்தாள். "அக்கா! வீடு தப்பிச்சுடுச்சு! எப்படிக்கா? என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா அது என்னை விட்டுட்டு அங்க வந்துச்சு? நானும் இங்கருந்து பேசிப் பார்த்தேன்க்கா. திரும்பியே பார்க்கல. எங்கிட்டயும் சொல்லேன்."

"மாட்டேன்."

"நான் உன் தங்கச்சிதானே? ஆத்துக்குச் சொல்லுவ, எனக்குச் சொல்ல மாட்டியா?"

தங்கையின் முகம் சிறுத்துப்போயிருந்தது. கண் ஆற்றின் மேலும் அக்காவின் மேலும் மாறி மாறிப் போனது. அப்படி ஒரு முகத்தை அக்கா கண்ணாடியில் மட்டுமே பார்த்திருக்கிறாள்.

"உடம்பைப் பார்த்துக்க," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். தண்ணீர் அவள் குதிகாலைத் தொட்டபடி கொஞ்ச தூரம் கூடவே வந்தது. தங்கை அக்கரையில் நின்று, அக்கா திரும்பிப் பார்ப்பாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.