ஆறாவது கல்லில் திரும்பிய வண்டி

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து யானை மாதிரியும் அடுத்தது எறும்பு மாதிரியும் இருக்கும். எண்பது வயதுக்கு மேல்தான் எழுதப் பழகினேன். வாராவாரம் நான் எழுதுகிற தாளை மகள் போட்டோ எடுத்து, சொந்தக்காரர்கள் உங்கள் எல்லாருக்கும் அனுப்புவாள். எழுத எழுத சந்தோஷமாகத்தான் இருக்கிறது... விஷயம்தான் வெட்கக்கேடானது.

ஈரச் சுண்ணாம்பின் வாசனை. அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

ஆவுடையார்கோவிலைத் தாண்டி கடற்கரைப் பக்கம் போகிற ரோட்டில், புதிதாக நட்டு வெள்ளையடித்த கற்கள். வெயிலில் கண் கூசும். கறுப்பில் என்னவோ எழுதியிருந்தது. எனக்கு அது கோடுகள்தான்.

எனக்குப் பெண் பார்க்கப் போகிறோம். எங்கள் வண்டி, எங்கள் மாடு. மாப்பிள்ளையாகிய நானே ஓட்டினேன். பின்னால் பெரியப்பா.

பெண் அஞ்சாவது படித்தவள். மாப்பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர்கள் கேட்டது. தரகர் யோசிக்காமல், "மூணாவது வரைக்கும் படிச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டார். எங்களிடம் வந்து, "கேட்டா நீங்களும் அப்பிடியே சொல்லிருங்க" என்றார். நான் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

வழியும் அவர்தான் சொன்னார். "ஆறு கல்லு தூரம். ஆறாவது கல்லுல இடது பக்கம் மண்பாதை. நான் முன்னாடி போயி பொண்ணு வீட்டுல நிக்கிறேன்."

கல் என்றால் மைல். ரோட்டோரத்துக் கல்லை எண்ணிக்கொண்டே வண்டி ஓட்டுவதுதான் எங்கள் வழக்கம். எழுத்து எதற்கு?

எண்ணினேன். ஆறாவது கல்லில் இடது பக்கம் ஒரு மண்பாதையும் இருந்தது. திருப்பினேன்.

பாதை ஒரு கண்மாய்க் கரையில் போய் முடிந்துவிட்டது. ஊரும் இல்லை, வீடும் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பெரியப்பா ஊர்ப் பேரைச் சொல்லிக் கேட்டார்.

"அதுக்கு இன்னும் ரொம்பப் போகணும்ய்யா. பழைய மைல் கல்லப் புடுங்கிட்டு இப்ப கிலோமீட்டர் கல்லு நட்டுருக்காக. அதுலயே எழுதியிருக்குமே, பாக்கலையா?"

நான் மாட்டின் கயிற்றைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

"கவர்மெண்டு கல்லக் கிட்டக் கிட்ட நட்டா ஊரு கிட்ட வந்துருமா?" என்று பெரியப்பா திட்டிக்கொண்டே வண்டியில் ஏறினார்.

போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. பெண்ணின் அப்பா முகம் சுளிக்கவில்லை. பெரியப்பாதான் படபடவென்று கல்லின் கதையை அவிழ்த்துவிட்டார். அதைக் கேட்டுப் பெண்ணின் அப்பாவும் சிரித்தார்.

"நீங்க மட்டுமா? இங்க வர்றவுக பாதிப் பேரு அந்தக் கண்மாயில போயித்தான் நிக்கிறாக."

சிரிப்பு அடங்கியது. என்னைப் பார்த்தார்.

"ஆனா மாப்பிள படிச்சவருல்ல... கல்லுல ஊர்ப் பேரும் தூரமும் போட்டிருக்கே. கடைசிக் கல்லுல என்ன போட்டிருந்துச்சு தம்பி?"

தரகர் செருமினார். பெரியப்பா துண்டால் கழுத்தைத் துடைத்தார். நான் தரையைப் பார்த்தேன். காபியோடு நிலைப்படி வரை வந்திருந்த பெண் அப்படியே உள்ளே திரும்பிப் போனாள். முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லியிருக்கலாம்லம்மா."

எங்களுக்குக் காபி வந்தது, வேறு யாரோ கொண்டுவந்தார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள். "சொல்லி அனுப்புறோம்ங்க" என்று வாசல் வரை வந்து மரியாதையாக வழியனுப்பினார் பெண்ணின் அப்பா. அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

பிறகு அத்தை மகளையே கட்டிக்கொண்டேன். அங்கே யாரும் படிப்பைக் கேட்கவில்லை. இந்தக் கதையை அவளிடம் சொன்னதே இல்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். மகள் படித்துக் காட்டாமல் இருந்தால் சரி.

இப்போது சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். போன மாதம் டீச்சர், ஒரு மைல் என்றால் ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர் என்று போர்டில் எழுதினார். மற்றவர்கள் வேறு கணக்கைப் போட, நான் ஆறு மைலைப் போட்டேன். 9.6 வந்தது. ஆறை அதில் கழித்தால்... அன்றைக்கு நான் 3.6 கிலோமீட்டர் முன்னாலேயே திரும்பியிருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்துத்தான் அது தெரிந்தது.

மீட்டரில் 9,600, அதையே சுருக்கி எழுதினால் 9.6 × 10³ என்றார் டீச்சர். பத்தின் தோளில் அந்தச் சின்ன மூன்றை உட்கார வைக்க நாலு தரம் அழித்தேன். அழகாக உட்கார்ந்துவிட்டது.

அந்த ரோட்டில் இப்போது பஸ்தான். முன்பு மாட்டு வண்டியின் வேகத்துக்கு, படிக்கத் தெரிந்தவன் ஒரு கல்லை மூன்று முறை படிக்கலாம். எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குத் தெரிகிறது, பஸ் நிற்க மாட்டேன் என்கிறது. போன வாரம் மனைவி ஒரு கல்லைக் காட்டி, "அதுல என்னாங்க போட்டிருக்கு?" என்றாள். முதல் எழுத்தைக் கூட்டுவதற்குள் கல் பின்னால் போய்விட்டது.

"தெரியல" என்றேன். எவ்வளவு லேசாக வந்துவிட்டது அந்த வார்த்தை.

"சரி விடுங்க, அடுத்ததப் பாப்போம்" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை மறுபடி அந்தப் பக்கம் போகிறோம். கல்லில் என்ன போட்டிருக்கிறது என்பதை அடுத்த வாரத் தாளில் எழுதிவிடுகிறேன்.