கிடுகு மறைப்பும் கேஸ் அடுப்பும்

இன்று சாய்ந்தமருதில், தாச்சி வைத்துப் பொரிக்கும் பெரிய கேஸ் அடுப்புக்குப் புதுக் குழாய் வாங்கப் போனேன்.

கடைக்காரர் தெரிந்தவர். "கவனம் ராத்தா. உங்கட மாப்பிள்ளை கவனமில்லாமத்தானே கையச் சுட்டுக்கிட்டார்" என்றார்.

எண்பதுகளில் குவைத்திலிருந்து வந்ததும் என் கணவர் வாங்கிய அடுப்பு அது. குழாயில் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்த்து, முற்றத்தில் வெட்டவெளியில் வைத்தார்.

"றோட்டால போறவங்க பாக்க நான் பொரிக்கவா? தென்னோலக் கிடுகால மறைங்க" என்றேன்.

"காத்துப் போகணும் புள்ள. மறைச்சா கேஸ் கீழ தேங்கிரும்."

அவர் இல்லாத நேரம் நாலு பக்கமும் நானே கிடுகு கட்டினேன்.

பெருநாளுக்கு முதல் நாள் கேஸைத் திறந்துவிட்டுத்தான் நெருப்புப்பெட்டியைத் தேடினேன். குச்சியை உரசியதும் கிடுகு பற்றிக்கொண்டது. அவர் ஓடிவந்து என்னை வெளியே இழுத்துவிட்டு, சிலிண்டரைப் பூட்டினார். வலது கை வெந்துபோனது.

கேட்டவர்களுக்கெல்லாம் "என்ட கவனக்குறைவு" என்றே சொன்னார். நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் மௌத்தாகி, அடக்கம் செய்து இப்போது ஏழு மாதம்.

இன்று கடையில் சொல்லிவிட்டேன். "அது அவர்ர பிழை இல்ல தம்பி. என்ட பிழை."

"அல்லாஹ்! அவரச் சொல்லித்தானே இவ்வளவு நாளும் எல்லாருக்கும் புத்தி சொன்னன்."

"இனி என்னச் சொல்லுங்க."

அவருடைய கையைப் பார்த்துக் கேலி செய்தவர்கள் யாராவது இந்தப் பதிவைப் படித்தால், என்னைத் திட்டி எழுதுங்கள். அவர் ஒரு நாளும் திட்டவில்லை.